தென் கடல் மேலே ஒரு கோடி சூரியன்கள்!

வைகாசி அமாவாசை. இரவு ஒன்பது மணி.

மண்டபத்திலோ, ஏர்வாடியிலோ, வாலிநோக்கத்திலோ கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தால் என்ன தெரியும்? தூரத்தில் மீன்பிடி படகுகளின் விளக்கு ஒன்றிரண்டு. அதற்கு மேலே இருட்டு. அந்த இருட்டில், வானத்தின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், மங்கலான ஒரு புள்ளி.

பார்த்தவுடன் அது ஒரு நட்சத்திரம் போலத்தான் இருக்கும். உற்றுப் பார்த்தால் சந்தேகம் வரும். மற்ற நட்சத்திரங்கள் போல அது கூர்மையாக இல்லை. பஞ்சுத் துணுக்கு ஒட்டிக்கொண்டது போல இருக்கிறது.

சந்தேகம் சரிதான். அது நட்சத்திரம் அல்ல. ஒரு கோடி நட்சத்திரங்கள்!

ஒரே இடத்தில், ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு, உருண்டையாகத் திரண்டு நிற்கும் ஒரு கோடி சூரியன்கள். பொரி உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பொரி நெருக்கமாக ஒட்டியிருக்கும். ஓரத்தில் ஒன்றிரண்டு பொரி உதிர்ந்து நிற்கும். அதே உருவம்தான். வான சாஸ்திரிகள் இதைக் "கோளக் கொத்து" என்று அழைக்கிறார்கள். நமது பால் வீதியைச் சுற்றி இப்படி 150க்கும் மேற்பட்ட கொத்துக்கள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரியது இதுதான். இதன் பெயர் ஒமேகா சென்டாரி.

இதன் ஒளி நம்மிடம் வந்து சேர சுமார் 17 ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஒளி அங்கிருந்து கிளம்பிய காலத்தில் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட மிகவும் தாழ்ந்திருந்தது. ராமேசுவரத்துக்கும் இலங்கைக்கும் நடுவே கடலே இல்லை, ஒரே நிலம். உழவு என்ற தொழிலை மனிதன் கண்டுபிடிக்கவில்லை. அப்போது புறப்பட்ட ஒளி, இன்று இரவு வாலிநோக்கத்தில் நிற்பவர் கண்ணில் வந்து விழுகிறது!

இந்தக் கொத்தை வீட்டு முற்றத்திலிருந்தே போட்டோ பிடிக்கலாம். அதற்கு ராஜா வீட்டுப் பணம் தேவையில்லை. பொறுமைதான் தேவை.

லண்டனில் தெரியாது!

இதில் நமக்கு ஒரு யோகம் இருக்கிறது. லண்டன் நகரத்தில் இருப்பவர் எத்தனை கோடி கொடுத்து டெலஸ்கோப் வாங்கினாலும், தமது ஊரிலிருந்து இந்தக் கொத்தைப் பார்க்க முடியாது. அங்கே அது உதிப்பதே இல்லை. டெல்லியில் உதிக்கும், ஆனால் அடிவானத்திலிருந்து 14 டிகிரிக்கு மேல் எழும்பாது. தூசிக்கும் புகைக்கும் நடுவே வந்து போய்விடும். சென்னையில் 29 டிகிரி. ராமேசுவரத்தில் 33 டிகிரி! தெற்கே போகப் போக அது உயரும்.

அதனால்தான் ஐரோப்பியர்களுக்கு இது என்னவென்று புரிய வெகு காலம் ஆயிற்று. சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் இருந்த தாலமி இதை ஒரு நட்சத்திரம் என்றே எழுதி வைத்தார். 1603-ல் ஜெர்மனியைச் சேர்ந்த பேயர் என்பவர் வெளியிட்ட வான வரைபடத்திலும் இது நட்சத்திரம்தான். "ஒமேகா" என்ற கிரேக்க எழுத்தை இதற்குச் சூட்டியவர் அவரே.

1677-ம் ஆண்டு செயின்ட் ஹெலினா தீவுக்கு ஒரு வாலிபர் கப்பலில் போய் இறங்கியிருந்தார். வயது இருபதுதான். தெற்கு வானத்தை ஆராய வந்த அவர், இது நட்சத்திரம் அல்ல, ஒளிப் படலம் என்று சொன்னார். அந்த வாலிபர்தான் எட்மண்ட் ஹாலி. பிற்காலத்தில் வால் நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்தவர். அந்தப் படலம் முழுவதும் தனித்தனி நட்சத்திரங்களே என்று விளங்க இன்னும் 150 ஆண்டுகள் ஆயின. 1830-களில் தென் ஆப்பிரிக்காவில் பெரிய டெலஸ்கோப்பை நிறுத்தி ஜான் ஹெர்ஷல் அதைப் பார்த்தபோது, எண்ண முடியாத நட்சத்திரங்கள் கண்ணில் கொட்டின.

தமிழ்நாட்டு வானத்துக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. ஜான் ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1689 டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து ஒரு வால் நட்சத்திரத்தை டெலஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த பிரகாசமான நட்சத்திரம் ஒன்று இரண்டாகப் பிரிந்து தெரிந்தது! ஆல்பா சென்டாரி என்ற அந்த நட்சத்திரம், சூரியனை விட்டால் நமக்கு மிக நெருங்கிய நட்சத்திரக் குடும்பம். அது இரட்டை என்று கண்டது நம் புதுச்சேரியில்தான். நமது ஒமேகா சென்டாரியும் அதே வான மண்டலத்தில்தான் இருக்கிறது.

எங்கே தேடுவது?

வட வானத்தில் சப்தரிஷி மண்டலத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது சுலபம்.

சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைந்திருக்கும். அந்த வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் செம்பொன் நிறத்தில் ஒரு நட்சத்திரம் வரும். அதுதான் சுவாதி. இன்னும் நீட்டினால் வெண்ணீல நிறத்தில் மற்றொன்று. அதுதான் சித்திரை. ஜாதகத்தில் வரும் அதே சித்திரை நட்சத்திரம்.

சித்திரை தெற்கே திரும்பி உச்சத்தில் நிற்கும் நேரத்தில், அதற்கு நேர் கீழே ஒமேகா சென்டாரி நிற்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. சித்திரையிலிருந்து செங்குத்தாகக் கீழே மூன்றரை முஷ்டி இறங்குங்கள். பஞ்சுப் புள்ளி அங்கே இருக்கும்.

வைகாசி முதல் தேதி வாக்கில் இரவு பத்து மணிக்கு அது உச்சத்தில் நிற்கும். மாதக் கடைசியில் எட்டு மணிக்கே வந்துவிடும். தினமும் நாலு நிமிஷம் முந்திக்கொள்ளும் என்பது கணக்கு. சித்ரா பௌர்ணமியன்று சந்திரன் சித்திரை நட்சத்திரத்தின் பக்கத்திலேயே நிற்கும். கோவிலுக்குப் போக நல்ல நாள்; போட்டோவுக்கு ஆகாத நாள். நிலவொளியில் கொத்து கரைந்துவிடும். அமாவாசைக்கு முன்னும் பின்னும் உள்ள நாட்களே ஏற்றவை.

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். குடிதண்ணீருக்குத் தவிக்கும் ஜில்லா என்று பெயர் வாங்கிய இந்த ஊருக்கு, அந்த வறட்சியே வானம் பார்க்க ஒரு வசதி. சித்திரை, வைகாசியில் மேகம் இல்லாத இரவுகள் நிறைய கிடைக்கும். தெற்கே மன்னார் வளைகுடா. நேர் தெற்கே நகரமும் இல்லை, மின்விளக்கும் இல்லை. மதுரைக்காரர் ஏங்க வேண்டிய இருட்டு இது.

போட்டோ எடுப்பது எப்படி?

முதலில் ஒரு செய்தி. டெலஸ்கோப் இல்லாமலே தொடங்கலாம்.

கல்யாண வீட்டில் போட்டோ எடுப்பவர்கள் வைத்திருக்கும் சாதாரணக் காமிராவும், தூரத்துப் பொருளை இழுத்துக் காட்டும் 200 மில்லிமீட்டர் லென்சும், அசையாத மூன்று கால் ஸ்டாண்டும் இருந்தால் போதும். காமிராவின் கண்ணை இரண்டு வினாடி திறந்து மூட வேண்டும். அதற்கு மேல் திறந்து வைத்தால் நட்சத்திரங்கள் புள்ளியாக இராமல் கோடாக இழுபடும். ஏன்? நட்சத்திரம் ஓடவில்லை. பூமி சுற்றுகிறது. ஒரு மணி நேரத்தில் வானம் 15 டிகிரி நகர்ந்துவிடுகிறது.

இரண்டு வினாடியில் காமிராவுக்கு எவ்வளவு ஒளி கிடைக்கும்? ஒரு சிட்டிகைதான். அதனால் ஒரே ஒரு படம் எடுத்தால் பிரயோசனம் இல்லை. இருநூறு, முன்னூறு படங்கள் எடுத்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். இதற்கான புரோகிராம்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அடுக்கும்போது ஒரு அதிசயம் நடக்கிறது. நட்சத்திரம் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும், அது வலுப்பெறும். காமிராவில் தோன்றும் புள்ளிக் குப்பை ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு இடத்தில் இருக்கும். அது தேய்ந்து போகும். நூறு படம் அடுக்கினால் குப்பை பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. நடுவே ஆகாய விமானம் ஒன்று குறுக்கே போயிருந்தால் அந்தக் கோட்டையும் கம்ப்யூட்டர் தள்ளிவிடும்.

இந்தப் படத்திலேயே ஒமேகா சென்டாரி ஓர் உருண்டையாகத் தெரியும். வானத்தில் அதன் அகலம் ஏறக்குறைய முழு நிலவின் அகலம்! பார்க்கிற கண்ணுக்கு அது புள்ளி; காமிராவுக்கு அது பௌர்ணமி நிலவு.

அடுத்த படி டெலஸ்கோப். ஆறு அங்குலம் அல்லது எட்டு அங்குலக் குழிக்கண்ணாடி உள்ள டெலஸ்கோப்பின் பின்னால் காமிராவைப் பொருத்துகிறார்கள். பூமி சுற்றும் திசைக்கு எதிர்த் திசையில், அதே வேகத்தில், ஒரு மோட்டார் டெலஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டே இருக்கும். இப்போது அரை நிமிஷம், ஒரு நிமிஷம் என்று கண்ணைத் திறந்து வைக்கலாம்.

கோளக் கொத்தைப் படம் பிடிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. நடுவில் நெருக்கம், ஓரத்தில் மங்கல். ஓரம் தெரிய வேண்டும் என்று அதிக நேரம் திறந்தால் நடுப்பகுதி வெந்த இட்லி போல வெள்ளையாகப் போய்விடும். நடுவுக்காகக் குறைத்தால் ஓரம் காணாமல் போகும். அனுபவசாலிகள் இரண்டு விதமாகவும் எடுத்துப் பிறகு சேர்க்கிறார்கள். அப்போதுதான் நிறம் வெளிவரும். ஒமேகா சென்டாரி வெறும் வெள்ளை உருண்டை அல்ல. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் கிழட்டு நட்சத்திரங்கள். இடையிடையே நீலப் பொட்டுக்கள். 1,200 கோடி ஆண்டு வயதான ஊர் அது. நம் சூரியனுக்கு வயது 460 கோடிதான்.

கடற்கரையில் வரும் தொல்லைகள்

வெளிநாட்டார் எழுதிய புத்தகத்தை வைத்துக்கொண்டு ராமேசுவரத்தில் டெலஸ்கோப் நிறுத்துகிறவர் முதல் நாளே திண்டாடிப் போவார்.

துருவ நட்சத்திரத்தைப் பார்த்து டெலஸ்கோப்பின் அச்சை நிறுத்து என்று புத்தகம் சொல்லும். ராமேசுவரத்தில் துருவ நட்சத்திரம் எங்கே இருக்கிறது? அடிவானத்திலிருந்து ஒன்பது டிகிரி உயரத்தில். அதாவது ஒரு முஷ்டி கூட இல்லை. வடக்கே தென்னை மரமோ, பக்கத்து வீட்டு மாடியோ இருந்தால் அவ்வளவுதான். மறைந்துவிடும்.

அச்சும் அதே ஒன்பது டிகிரிதான் சாய வேண்டும். அதாவது ஏறக்குறையப் படுத்துவிட வேண்டும். குளிர் தேசங்களுக்காகச் செய்த சில பீடங்கள் அவ்வளவு தாழ இறங்கவே மாட்டா. இறங்கினாலும், எதிர் எடையாகக் கட்டிய இரும்பு, ஸ்டாண்டின் காலில் இடிக்கும். துருவ நட்சத்திரம் தெரியாத இடத்தில், வேறொரு நட்சத்திரத்தைக் கண்ணில் நிறுத்தி, அது எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்துப் பார்த்து அச்சைத் திருத்துவார்கள். அரை மணி நேரம் பிடிக்கும். கைவந்துவிட்டால் பழுதில்லை.

அடுத்தது உப்புக் காற்று. டெலஸ்கோப் கண்ணாடியின் மேல் பூசிய அலுமினியப் பூச்சு மயிரிழையைவிட மெல்லியது. உப்பு பட்டால் அரிக்கும். வேலை முடிந்தவுடன் மூடி வைக்க வேண்டும். அழுக்கு படிந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் அலச வேண்டுமே தவிர, வேட்டி முனையாலோ புடவைத் தலைப்பாலோ துடைக்கவே கூடாது. துடைத்தால் கண்ணாடி போச்சு!

பனி இறங்கும் இரவில் லென்சு மூச்சுவிட்ட கண்ணாடி போல மங்கும். கறுப்பு அட்டையைக் குழாயாகச் சுருட்டி முன்னால் மாட்டினால் ஓரளவு தாங்கும். காற்றுக்கு மருந்து கிடையாது. சுவரின் மறைவில் ஒதுங்க வேண்டியதுதான்.

தனுஷ்கோடி அல்லவா நல்ல இடம் என்று கேட்கலாம். 1964 டிசம்பர் புயல் அந்த ஊரை அழித்துவிட்டது. இன்று பகலில் பயணிகள் போய் வருகிறார்கள். பொழுது சாயும் நேரத்தில் திரும்ப வேண்டும். மண்டபம், கீழக்கரை, ஏர்வாடிப் பக்கத்து வீடுகளின் முற்றமும் மொட்டை மாடியுமே போதுமானவை.

கொல்லைப்புறத்தில் பிறந்த டெலஸ்கோப்

"வீட்டில் செய்த டெலஸ்கோப்பால் என்ன ஆகிவிடும்?" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள், காவலூரின் கதையைக் கேட்க வேண்டும்.

வைணு பாப்பு என்பவர் சென்னையில் 1927-ல் பிறந்தவர். அவருடைய தந்தை ஐதராபாத் வான ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளர். பிள்ளைக்கு வானப் பைத்தியம் அங்கேயே பிடித்துவிட்டது. அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர், 1949-ல் இரண்டு பேருடன் சேர்ந்து ஒரு புதிய வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அதற்கு அவர் பெயரும் சேர்ந்தது. 1960-ல் கொடைக்கானல் வான ஆராய்ச்சி நிலையத்தின் டைரக்டராக வந்தார்.

கொடைக்கானல் சூரியனை ஆராய நல்ல இடம். இரவு நட்சத்திரங்களுக்கு மேகம் தொல்லை கொடுத்தது. தெற்கு வானமும் தெரிய வேண்டும், நகர விளக்கும் எட்டக் கூடாது, அப்படி ஓர் இடம் வேண்டும் என்று தேடினார். ஜவ்வாது மலையில், சந்தன மரக் காடுகளுக்கு நடுவே காவலூர் என்ற சிற்றூர் அகப்பட்டது.

இடம் கிடைத்தது. டெலஸ்கோப்? கொடைக்கானல் நிலையத்தின் கொல்லைப்புறத்திலேயே ஒரு டெலஸ்கோப் செய்தார்கள். கண்ணாடியின் அகலம் 38 சென்டிமீட்டர். அதாவது 15 அங்குலம். 1968-ல் அதைக் காவலூரில் நிறுத்தி வேலையைத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியாவுக்கும் தென் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே தெற்கு வானத்தை ஆராயும் முக்கிய நிலையம் என்ற பெயர் காவலூருக்கு வந்தது.

1972-ல் 40 அங்குல டெலஸ்கோப் வந்தது. 1977-ல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் உண்டு என்று கண்டவர்களில் காவலூர்க்காரர்களும் உண்டு. பிறகு 93 அங்குலத்தில், இந்தியாவிலேயே செய்த பெரிய டெலஸ்கோப். 1986 ஜனவரியில் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தபோது அதைக் கனவு கண்டவர் உயிரோடு இல்லை. 1982-ல் பாப்பு காலமாகிவிட்டார். டெலஸ்கோப்புக்கும் நிலையத்துக்கும் அவர் பெயரே வைக்கப்பட்டது.

காசு எண்ணியவர் கண்ட வானம்

அதே காவலூரில் ஓர் ஆறேகால் அங்குல டெலஸ்கோப் இருக்கிறது. பெரிய டெலஸ்கோப்புகளுக்கு முன் அது சுண்டைக்காய். ஆனால் அது வந்த வழி பெரிது.

வங்காளத்தில் ஜெசோர் என்ற ஊரில் ராதா கோவிந்த சந்திரர் என்று ஒருவர் இருந்தார். பிறந்தது 1878-ல். பள்ளிக்கூடப் பரீட்சையில் மூன்று முறை தோற்றவர். கலெக்டர் ஆபீஸ் கஜானாவில் காசு எண்ணிப் பார்க்கும் வேலை. பகலெல்லாம் காசு, இரவெல்லாம் நட்சத்திரம்! மூன்று அங்குல டெலஸ்கோப் ஒன்றை 1912-ல் வாங்கினார். சில நட்சத்திரங்கள் நாளுக்கு நாள் கூடிக் குறையும். அவற்றின் வெளிச்சத்தைத் தினமும் குறித்து அமெரிக்காவில் உள்ள சங்கத்துக்கு அனுப்பினார். 1918-ல் வானத்தில் திடீரென வெடித்த புது நட்சத்திரத்தையும் தாமாகவே கண்டார்.

இவருடைய கணக்கின் துல்லியத்தைப் பார்த்த அமெரிக்கர்கள், 1926-ல் ஆறேகால் அங்குல டெலஸ்கோப் ஒன்றைக் கப்பலில் அனுப்பிவைத்தார்கள். அவர் விட்டாரா? மொத்தம் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகள் அந்தச் சங்கத்துக்குப் போயின. முதுமையில் அவர் கைவிட்ட அந்த டெலஸ்கோப் வைணு பாப்புவிடம் வந்தது. அங்கிருந்து காவலூருக்கு வந்தது.

போட்டோ சொன்ன சேதி

கூடிக் குறையும் நட்சத்திரத்தைக் குறித்து வைப்பதால் என்ன லாபம்? கோளக் கொத்துக்களின் கதையில்தான் இதற்கு விடை இருக்கிறது.

தென் அமெரிக்காவில் பெரு நாட்டு மலை ஒன்றில், சோலன் பெய்லி என்ற அமெரிக்கர் 1890-களில் ஒமேகா சென்டாரியை இரவுக்கு இரவு கண்ணாடித் தகடுகளில் போட்டோ பிடித்தார். தகடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டார். சில நட்சத்திரங்கள் ஒரு படத்தில் பளிச்சென்றும் அடுத்த படத்தில் மங்கியும் இருந்தன. 1902-ல் அவர் வெளியிட்ட கணக்கில் அப்படிப்பட்டவை 128! பல நட்சத்திரங்கள் அரை நாளுக்குள் ஒரு முறை ஏறி இறங்கின.

இந்த நட்சத்திரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சக்தி உள்ள பல்புகள் போன்றவை. ஒரே சக்தியுள்ள பல்பு மங்கலாகத் தெரிந்தால் என்ன அர்த்தம்? தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு மங்கல் என்று அளந்தால் எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம். வானத்தை அளக்க முழக்கோல் கிடைத்துவிட்டது.

ஹார்லோ ஷாப்லி என்ற விஞ்ஞானி அந்த முழக்கோலைக் கொண்டு கோளக் கொத்துக்களின் தூரத்தையெல்லாம் அளந்தார். கொத்துக்கள் வானம் முழுவதும் சமமாகப் பரவியிருக்கவில்லை. தெற்கே, தனுசு ராசிப் பக்கம் குவிந்து கிடந்தன. கூட்டம் எங்கே கூடுகிறதோ அங்கேதானே தேர் நிற்கும்? பால் வீதியின் நடுவிடம் தனுசு ராசித் திசையில் இருக்கிறது. சூரியன் அதற்கு வெகு தூரத்தில் எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது என்று 1918-ல் அறிவித்தார். தூரத்தை அவர் கூடுதலாகப் போட்டுவிட்டார். இன்றைய கணக்கு 26 ஆயிரம் ஒளி ஆண்டுகள். ஆனால் திசை சரி. அதுவரை சூரியன்தான் நட்டநடுவில் என்று நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய அடி.

தனுசு என்றால் வில். ராமர் வில்லின் நுனி பட்ட இடம் தனுஷ்கோடி என்பது ஐதிகம். ஆனி, ஆடி இரவுகளில் தனுஷ்கோடி கடலுக்கு மேலே வானத்து வில் நிற்கிறது. பால் வீதியின் நடுவிடம் அங்கேதான். பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான் என்றாலும் நன்றாகத்தான் அமைந்திருக்கிறது.

பெய்லி பெருவில் செய்த அதே வேலையை இன்று வீட்டு முற்றத்திலும் செய்யலாம். ஒரே இரவில் அரை மணிக்கு ஒரு படம் வீதம் நாலைந்து மணி நேரம் எடுத்து வரிசையாக ஓட்டினால், கொத்துக்குள் சில நட்சத்திரங்கள் மின்மினி போல ஏறி இறங்குவது தெரியும். வெறும் அழகுக்காக எடுத்த போட்டோவும் ஆராய்ச்சி ஆகிவிடுகிறது. இந்திய வான் இயற்பியல் நிலையத்தின் சுனேத்ரா கிரிதரும், மெக்சிகோ விஞ்ஞானி அர்மாந்தோ அரெயானோ ஃபெர்ரோவும் பல ஆண்டுகள் கோளக் கொத்துக்களில் செய்த வேலையும் இந்த வகையைச் சேர்ந்ததே. அவர்கள் பயன்படுத்தியது லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில், கடல் மட்டத்துக்கு 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள டெலஸ்கோப். அதன் பெயர் சந்திரா.

எந்தச் சந்திரா?

சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் சுப்பிரமணியன் சந்திரசேகர்தான். 1983-ல் நோபல் பரிசு பெற்றவர்.

கொத்துக்குள் நடப்பது என்ன என்பதற்கும் அவர் கணக்குப் போட்டிருக்கிறார். ஆடி அமாவாசையன்று ராமேசுவரம் அக்னி தீர்த்தக் கரையில் கூடும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். கூட்டத்தில் பருத்த ஆள் ஒருவர் வேகமாகப் போக நினைத்தால் முடியுமா? இடித்து இடித்து வேகம் குறையும். நட்சத்திரங்களும் அப்படியே. அவை ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆனால் ஒன்றின் இழுப்பு மற்றொன்றைத் தடுக்கிறது. கனமான நட்சத்திரம் வேகம் இழந்து நடுவை நோக்கி இறங்கும். லேசான நட்சத்திரம் வேகம் பெற்று ஓரத்துக்கு ஒதுங்கும். சில வெளியேறியே போய்விடும். இந்த "இழுப்பு உராய்வை" 1943-ல் கணிதத்தில் எழுதிக் காட்டியவர் சந்திரசேகர். பொரி உருண்டையின் நடு ஏன் நெருக்கமாக இருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒமேகா சென்டாரியின் நடுவில் நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் சராசரி இடைவெளி, ஒளி ஆண்டில் பத்தில் ஒரு பங்குதான். நமக்கு அடுத்த நட்சத்திரமோ நாலேகால் ஒளி ஆண்டு தூரத்தில். அந்த ஊரில் ஒரு பூமி இருந்தால் அங்கே இருட்டான ராத்திரியே இராது.

2015 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நமது "அஸ்ட்ரோசாட்" விண்கலம் புற ஊதா ஒளியில் இந்தக் கொத்தைப் படம் பிடித்தது. அன்னபூரணி சுப்பிரமணியம் குழுவினர் அந்தப் படங்களில் மிகச் சூடான நட்சத்திரங்களை மட்டும் பொறுக்கி எடுத்து ஆராய்ந்தார்கள். 2024 ஜூலையில் இன்னொரு பரபரப்பு. ஹப்பிள் டெலஸ்கோப் இருபது ஆண்டுகளில் எடுத்த 500க்கும் மேற்பட்ட போட்டோக்களை அடுக்கிப் பார்த்தவர்கள், நடுவில் ஏழு நட்சத்திரங்கள் அசுர வேகத்தில் ஓடுவதைக் கண்டார்கள். அந்த வேகத்துக்கு அவை கொத்தை விட்டே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. எதுவோ பிடித்து வைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொருள் கருந்துளை என்றும், அதன் எடை குறைந்தது 8,200 சூரியன்கள் என்றும் அறிவித்தார்கள். ஒமேகா சென்டாரி ஒரு காலத்தில் தனிக் குட்டி நட்சத்திர உலகமாக இருந்து, பால் வீதி அதை விழுங்கியபின் மிஞ்சிய கொட்டை என்பது இன்று பல விஞ்ஞானிகளின் கருத்து.

இருட்டுக்கும் காவல்

ஹான்லேயில் 2022-ம் ஆண்டு ஒரு காரியம் நடந்தது. டெலஸ்கோப்பைச் சுற்றியுள்ள பகுதியை "இருள் வானக் காப்பகம்" என்று அறிவித்தார்கள். தெரு விளக்குகளுக்குக் குல்லாய் போட்டார்கள்; ஒளி மேலே போகாமல் கீழே மட்டும் விழும். கிராமத்துப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் டெலஸ்கோப் கொடுத்துப் பழக்கினார்கள். வரும் பயணிகளுக்கு அவர்களே வானத்தைக் காட்டிச் சம்பாதிக்கிறார்கள்.

ராமநாதபுரம் கரையில் இருட்டுக்கு அப்படிக் காவல் எதுவும் இல்லை. விடுதிகளும் கோபுர விளக்குகளும் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகின்றன. குல்லாய் இல்லாத ஒரு பெரிய விளக்கு போதும். பஞ்சுப் புள்ளி கண்ணுக்கு மறைந்துவிடும். விளக்கு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மேலே போகும் வெளிச்சத்துக்கும் சேர்த்துத்தானே கரண்டு பில் கட்டுகிறோம்?

இந்த வைகாசியில் தவறவிட்டவர்களுக்கு ஆனி, ஆடியில் வேறு கொத்துக்கள் உண்டு. கேட்டை நட்சத்திரமாகிய செந்நிற அண்டாரசின் பக்கத்திலேயே ஒன்று. தனுசு ராசியில் மற்றொன்று. இரண்டும் ராமேசுவரத்தில் ஒமேகா சென்டாரியைவிட உயரமாக வரும். சிறிய பைனாகுலரிலும் தெரியும்.

ஒமேகா சென்டாரிக்கு அடுத்த பெரிய பிரகாசமான கொத்து "47 டுக்கானே". ஐப்பசி இரவு பத்து மணி வாக்கில் அதுவும் தென் கடல் மேலே வரும். கடலிலிருந்து ஒரு முஷ்டி உயரம் கூட எழும்பாது. அதற்குள் ஐப்பசி மேகமும் வந்துவிடும். மழை விட்ட ஓர் இரவில் வானம் அலம்பி விட்டது போலத் துலக்கமாக இருக்கும்போது, அடிவானம் வரை மறைவில்லாத தெற்குக் கரை வீட்டுக்காரர்களுக்கு அது அகப்படும்.